எனக்குப் பிடித்த பானுமதி

பழைய படம் என்றதும் பலருக்கும் சாவித்திரியின் கண்ணீர்தான் ஞாபகம் வரும். 'பாசமலர்' (1961) பார்த்து முந்தானை நனையாத பெண் எங்கள் முதலிபாளையத்தில் கிடையாதுங்க! ஆனால் என் ஓட்டு பானுமதிக்குத்தான். நம்ம கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ள'னில் (1954) பாருங்கள், எம்.ஜி.ஆர். எதிரே நின்றாலும் பார்வையில் என்ன ஒரு மிடுக்கு! பாட்டும் அவரே பாடிவிடுவார். 1953-லேயே 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் டைரக்ட் செய்தவர். என்.டி. ராமாராவே அவர் சொன்னபடி நடித்திருக்கிறார் என்றால் சும்மாவா?

'அறிவாளி' (1963) மட்டும் எனக்கு மனசுக்கு ஒட்டவில்லை. திமிர் பிடித்த மனைவியை சிவாஜி அடக்குகிற கதை. கல்யாணமான புதுசில் அதை டி.வி.யில் பார்த்தபோது, "பாத்தியா கண்ணு, எப்பேர்ப்பட்டவளும் அடங்கித்தான் ஆகோணும்" என்றார் மாமியார். தலையை ஆட்டி வைத்தேன், வேறென்ன செய்ய?

போன மாதம் அதே படம். "அந்தம்மா எதுக்கு அடங்கோணும், அப்பத்தா?" என்று என் மகள் கேட்டுவிட்டாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான் டி.வி.யைப் பார்த்தேன். நல்லவேளை, தங்கவேலு - முத்துலட்சுமியின் பூரி காமெடி வந்தது. மூணு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.