ஷிஃப்ட்

முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான். லண்டனில் படிக்கும் பேத்தி போனில் திருத்துகிறாள்: "தாத்தா, வீடு மாறறதை இங்க ஷிஃப்ட்னு சொல்ல மாட்டாங்க, மூவ்னுதான் சொல்வாங்க."

அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பிரித்தல், ஒழுங்குபடுத்துதல் என்று பொருளாம். இடம் மாற்றுவதெல்லாம் பிறகு வந்தது. வீடு மாறுவதற்கு அதைத் தாராளமாகப் புழங்குவது நம் ஊர் ஆங்கிலம். அதற்கு முன் ஜாகை மாற்றினோம். (அதுவும் உருதுதான்!)

1974-ல் திருவல்லிக்கேணியிலிருந்து நங்கநல்லூருக்கு ஷிஃப்ட் ஆனோம். லாரியில் சாமான், என் மனைவி மடியில் சாமி படம். போன மாதம் என் மகன் யாரிடமோ சொல்கிறான்: "அப்பாவை பெங்களூருக்கு ஷிஃப்ட் பண்ணிடலாம்னு இருக்கேன்."

'ஆனோம்' எங்கே, 'பண்ணிடலாம்' எங்கே! பீரோவையும் அப்படித்தானே சொல்வான்? கோபமில்லை. அவள் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். ராத்திரி பாத்ரூமில் வழுக்கினால் காலையில் பால்காரர்தான் பார்க்க வேண்டும். அந்தக் கவலை அவனுக்கு.

"வரேன்டா. ஆனா உங்கம்மாவோட துளசித் தொட்டியும் வரும்" என்றேன். நேற்று பால்கனியை அளந்து சொன்னான். இடம் இருக்கிறதாம்.