ஓடுகிற ரயிலும் ஒரு புள்ளியும்

“கால்குலஸால் என்ன சார் பிரயோஜனம்?” என்று கேட்கிறவர்களை நான் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்வேன். காலை நேரத்தில், கிளம்பிவிட்ட மின்சார ரயிலைத் துரத்திக்கொண்டு யாராவது ஓடுவார்கள்.

தாம்பரம் வரை உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். ஓடுகிறவருக்கு அது உதவாது. கைப்பிடியைத் தொடுகிற அந்தக் கணத்தில் ரயில் என்ன வேகம்? உயிர் அதில்தான் இருக்கிறது.

கணம் என்றால் நேரம் பூஜ்யம், தூரமும் பூஜ்யம். எதை எதால் வகுப்பது? ப்ளஸ் டூவில் பாதி வகுப்பு தூங்கிப்போவது இந்த இடத்தில்தான்.

விநாடியை அதாலேயே பெருக்கி நாலால் வகுத்தால் ரயில் நகர்ந்த மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 விநாடியில் 25 மீட்டர், 11ல் 30.25. அந்த ஒரு விநாடியில் சராசரி 5.25. இடைவெளியைப் பத்தில் ஒரு விநாடியாகக் குறைத்தால் 5.025. நூறில் ஒன்றாக்கினால் 5.0025. குறைக்கக் குறைக்க 5ஐ நெருங்குகிறது அல்லவா? கிராஃப் போட்டால், வளைகோட்டை அந்தப் புள்ளியில் தொட்டுப் போகும் கோட்டின் சாய்வு அதுதான். மணிக்கு 18 கி.மீ.

கிரகங்களுக்கு இதே கேள்வியை 1150லேயே ‘சித்தாந்த சிரோமணி’யில் கேட்டவர் பாஸ்கராச்சாரியார். ‘தாத்காலிக கதி’ என்று பெயர். நியூட்டனும் லைப்னிட்ஸும் வந்தது ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து.

இன்னும் பத்தே விநாடி தாமதித்தால் சாய்வு இரட்டிப்பு: மணிக்கு 36 கி.மீ. 2009ல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை செய்த உசேன் போல்ட்டின் சராசரியே 37 சொச்சம்தான். அவர் கையில் டிபன் பாக்ஸ் இல்லை.

அடுத்த வண்டியில் வாருங்கள், தம்பி. மானேஜரிடம் திட்டு வாங்கக்கூட ஆள் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.