கணபதியில் ஒரு கிடார்ப் பட்டறை

கோவை கணபதியில் வழி கேட்டால், "பேட்டர்ன்காரர் வீடுங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். அவர் எலெக்ட்ரிக் கிடார் செய்கிறார் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் ஃபவுண்டரிகளுக்கு மர அச்சு செய்து கொடுத்தவர். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்து மரத்தைச் செதுக்குவதுதான் பேட்டர்ன் ஆசாரியின் வேலை. அச்சு வேலையைக் கணினி இயந்திரங்கள் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், தேவாலய இசைக்குழுப் பையன் ஒருவன் கழுத்து முறிந்த கிடாரோடு வந்தான். அதைச் சரிசெய்து கொடுத்தவர், அடுத்ததை முழுதாகத் தானே செய்துவிட்டார்.

"வாசிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. சுதி சேந்திருக்குதா இல்லையான்னு சொல்லுவேன், அவ்வளவுதானுங்க."

இதில் வியக்க ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டருக்கும் கிடார் வாசிக்கத் தெரியாது. கழுத்தையும் உடலையும் தனித்தனியே செய்து திருகாணியால் பூட்டிய எலெக்ட்ரிக் கிடாரை 1950-ல் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவர். கழுத்து கெட்டால் கழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் கிடார் செய்பவர்கள் இன்றும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

பட்டறை என்பது பின்கட்டில் தகரக் கொட்டகை. பரணில் பழைய வீடு இடித்த தேக்குச் சட்டங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் மாதங்களில் புதிதாக எந்த மரத்தையும் அவர் அறுப்பதில்லை. கழுத்துக்கு ஒரே மரமாக எடுக்காமல், மூன்று பட்டைகளைச் சேர்த்து ஒட்டி, நடுப்பட்டையின் ரேகையை மட்டும் திருப்பி வைக்கிறார். ஒன்று வளையப் பார்த்தால் மற்றது பிடித்து இழுக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. ஆறு கம்பிகளையும் சுதி ஏற்றினால் கழுத்தின் மேல் சுமார் 45 கிலோ இழுவை விழுகிறது. அதைத் தாங்கவே கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது.

அன்று அவர் ஃப்ரெட்டுகளுக்கு, அதாவது கழுத்தின் மேல் குறுக்கே பதியும் கம்பிகளுக்கு, பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். கம்பியின் நீளம் 648 மி.மீ. என்றால் முதல் ஃப்ரெட் 36.37 மி.மீட்டரில் வரவேண்டும். மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்ததற்கான இடைவெளி. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாக 324-ல், பாதியில், வந்து நிற்கும். ஆனால் அவர் ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளப்பதில்லை. எல்லாவற்றையும் தலைப்பக்கத்திலிருந்தே அளக்கிறார். "ஒண்ணுலிருந்து ஒண்ணு அளந்தா தப்பு குட்டி போட்டுட்டே போகுமுங்க." அச்சுப் பட்டறை சொல்லிக்கொடுத்த பாடம் இது. அரை மில்லிமீட்டர் பிசகினால் நல்ல காதுக்கு அது கேட்டுவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அந்த இடத்தில் சுதி நிற்காது.

ஃப்ரெட் கம்பிகளை அடித்து இறக்கியபின் எல்லாவற்றின் தலையிலும் மார்க்கர் மையைப் பூசி, உப்புத்தாள் ஒட்டிய நேர்ச்சட்டத்தால் ஒரே சீராகத் தேய்க்கிறார். மை அழியாமல் இருக்கும் ஃப்ரெட் பள்ளத்தில் இருக்கிறது என்று பொருள். எல்லா மையும் போகும்வரை தேய்த்துவிட்டு, தட்டையான தலைகளை அரத்தால் மறுபடி உருட்ட வேண்டும். கிடார் கைக்கு இணங்குவதும் இணங்காததும் இந்த வேலையில்தான் தீர்மானமாகிறது. எந்த மரத்தில் செய்தால் ஒலி நன்றாயிருக்கும் என்று வாசிப்பவர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். எலெக்ட்ரிக் கிடாரில் மரத்துக்குத் தரும் மதிப்பில் பாதியையாவது ஃப்ரெட் வேலைக்குத் தரவேண்டும் என்பது என் கருத்து.

ஃப்ரெட் போர்டுக்கு அவர் வைத்திருப்பது ஈட்டி. நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் இந்த மரம், வெளிநாட்டுக் கம்பெனிகளின் கிடார்களில் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருப்பது. தமிழ்நாட்டில் ஈட்டியைப் பாதுகாக்க 1994-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அதனால் பழைய மேசைப் பலகைகளைத்தான் தேடி வாங்குகிறார்.

பழைய மரத்தை இளக்காரமாக நினைப்பவர்களுக்கு குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயைச் சொல்லலாம். 1963-ல் லண்டனில், பதினாறு வயதில், தந்தையோடு வீட்டிலேயே அவர் செய்யத் தொடங்கிய கிடாரின் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். கம்பியை அசைக்கும் பொறியில் இருப்பவை மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள். அந்தக் குழுவின் மேடைகளிலெல்லாம் முழங்கியது அந்தக் கிடார்தான்.

ஒலி பிறக்கும் இடமோ, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப். அது இங்கே பேட்டர்ன்காரர் மனைவியின் வேலை. மோட்டார் கம்பெனியின் வைண்டிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். தையல் இயந்திர மோட்டாரில் பாபினை மாட்டி, 0.06 மி.மீ. செப்புக் கம்பியை விரலிடுக்கில் பிடித்துச் சுற்றுகிறார். அது தலைமுடியைவிட மெல்லியது, வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பிக்கப்புக்கு ஏறக்குறைய 8,000 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு காந்தம் சுவிட்சைக் கடந்துபோய் பழைய கால்குலேட்டரில் ஒன்றைக் கூட்டுகிறது.

"எண்ணிக்கைய மெசினு பாத்துக்கும் கண்ணு. இழுவையத்தான் நாம பாக்கோணும். இறுக்குனா அந்துபோகும், தளத்துனா ஒலிபெருக்கியில வீல்னு கத்தும்."

அந்தக் கத்தலை அடக்கத்தான், சுற்றி முடித்த பிக்கப்பை உருகிய மெழுகில் முக்குகிறார்கள். கம்பிகளுக்கு நடுவே மெழுகு இறங்கினால் அவை தனியாக அதிரமுடியாது. மெழுகு வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில்தான் உருக வேண்டும். நேரடித் தீ ஆபத்து. சூடு மிஞ்சினால் பாபினும் கோணிவிடும்.

வீட்டு மின்சாரத்தின் இரைச்சலைக் கொல்ல இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்த பிக்கப்பை, 1955-ல் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் உருவாக்கினார். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. சுருளைச் சுற்றிய பெண்களில் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1956-ல் ஃபெண்டரில் சேர்ந்த அபிகெயில் இபாரா ஒரு விதிவிலக்கு. அவர் கையெழுத்துள்ள பிக்கப்பை இன்று தேடி அலைகிறார்கள்.

கணபதிக்கு வருகிற சிலர் வெளிநாட்டுக் கிடாரின் படத்தைக் காட்டி, அதே போலச் செய்து தலையில் அந்தக் கம்பெனியின் பெயரையும் போட்டுத் தரச் சொல்கிறார்களாம். மாட்டேன் என்று அனுப்பிவிடுகிறார். "அடுத்தவன் பேர என் மரத்துல ஒட்டமாட்டேனுங்க." பல வாரம் பிடிக்கும் வேலைக்கு மரவிலையும் சாமான் விலையும் மட்டும் கணக்குப் போட்டுப் பேரம் பேசுபவர்களும் உண்டு. வைண்டிங் கூலி என்று தனியாக ஒன்று இருப்பதாகவே அவர்கள் நினைப்பதில்லை.

உங்கள் ஊரிலும் லேத்துக்காரர், வைண்டிங் தெரிந்தவர், நல்ல ஆசாரி இருப்பார்கள். கிடார் வேண்டுமென்றால் இறக்குமதிக் கடைக்குப் போகும் முன் ஒருமுறை அவர்களிடம் பேசிப் பாருங்கள். செய்யக் கொடுத்தால் கூலியில் பேரம் வேண்டாம். பிக்கப்பைப் பூட்டும் முன், அதன் அடியில் சுற்றியவரின் பெயரை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.