பொழிமுகத்தில் கேட்ட சொற்கள்

அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு, கேரளத்தின் தென்கோடியிலுள்ள பூவாரில் அரபிக் கடலோடு கலக்கிறது. கோடை விடுமுறையில் ஒருநாள், தனிப்படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு நாங்கள் அங்குச் சென்றோம். "இங்கே யாரும் பேசாத தமிழை நான் ஏன் படிக்க வேண்டும்?" என்று அடிக்கடி கேட்கும் என் தங்கையும் உடன் வந்தாள்.

நீர்வழியின் இருமருங்கிலும் மரங்கள் சேற்றில் வேரூன்றி நின்றன. "சேட்டா, இவை என்ன மரங்கள்?" என்று படகோட்டியிடம் கேட்டேன்.

"கண்டல்" என்றார் அவர்.

அப்பா வியந்தார். "நாம் இன்று அலையாத்தி என்கிறோம். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலப் பாடல்களில் கண்டல் என்றே குறித்தனர்" என்றார்.

அதன்பின் தங்கை கூர்ந்து கேட்கத் தொடங்கினாள். ஆறு, கடல், மணல், மீன், வள்ளம் என அவர் மலையாளத்தில் கூறியவை அனைத்தும் அவளுக்கு விளங்கின. ஆறு கடலில் சேரும் இடத்தைப் 'பொழி' என்றார். குமரி மாவட்டத்தில் வாழும் எங்கள் பாட்டியும் அவ்வாறே சொல்வார்.

ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடந்த மணல்திட்டில் இறங்கினோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பூவார் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. நிலம் பிரிந்தது, சொற்கள் இருபுறமும் தங்கின.

உங்கள் அண்டை வீட்டாரின் மொழியிலும் நம் சொற்கள் சில வாழக்கூடும். செவிகொடுத்துக் கேளுங்கள். என் தங்கையின் குறிப்பேட்டில் இதுவரை நாற்பது சொற்கள் சேர்ந்துள்ளன.