இயந்திரத்தின் நாடி

உடலில் நோய் தோன்றின், மருத்துவர் நாடியைப் பற்றி உட்குற்றத்தை உணர்வர். வாயில்லாத இயந்திரமும் தன் குறையைத் தன் ஒலியால் உணர்த்தும். அவ்வொலியைக் கேட்பது யாவர்க்கும் எளிது. அதன் பொருளை அறிவதே அரிது. நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது, திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறியாகும். அந்நெறி மக்கட் பிணிக்கு மட்டும் உரியதன்று; வீட்டு முற்றத்தில் நிற்கும் சிறிய மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதாகும்.

மொறிஸ் மைனர் என்னும் சிறு வண்டி 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். 1971ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் இலங்கையில் அவ்வகை வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. 1990ஆம் ஆண்டுக்குப் பின், போர் காரணமாகப் பெட்ரோல் கிடைத்தற்கரிதான காலத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் பழைய வண்டிகளை மண்ணெண்ணெய் கொண்டே ஓட்டினர். உறுப்புகள் எளிதில் கைக்கு எட்டுமாறு அமைந்திருப்பதால், பொறுமையுடையோர் இவ்வண்டியின் சிறு குறைகளை வீட்டிலேயே நீக்கிக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் முதியவர் ஒருவர் இத்தகைய வண்டியைப் பேணி வந்தார். ஒருநாள் காலை அதன் இயந்திரத்தில் 'டிக், டிக்' என்ற புதிய ஒலி எழுந்தது. அருகில் நின்ற பேர்த்தி உடனே ஸ்பானரை எடுத்தாள்.

"பொறு பிள்ளை! கையை நீட்டுமுன் காதை நீட்ட வேண்டும்" என்றார் முதியவர்.

முதலில் எண்ணெயின் அளவைப் பார்க்கச் செய்தார். எண்ணெய் குறைந்தாலும் ஒலி மிகுமன்றோ? அளவு சரியாக இருந்தது. பின்னர் வண்டியைத் திறந்த முற்றத்தில், சமதரையில், கைத்தடையிட்டு நிறுத்தினார். மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிட்டால், கார்பன் மொனொக்சைட்டு என்னும் மணமற்ற நச்சுவாயு நிறைந்து உயிருக்கே ஊறு விளைக்கும். பேர்த்தி தன் பின்னலை முடிந்து, விசிறிக்கு எட்ட நின்றாள்.

முதியவர் நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை இயந்திரத்தின் மேல் வைத்து, அதன் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்குமாறு கூறினார். அடிப்பகுதியில் ஒலி மங்கியும், மேல்மூடியின் நடுவில் கூர்மையாகவும் கேட்டது.

"தாத்தா, ஒலி மேலேதான் பிறக்கிறது; மெல்லியதாகவும் இருக்கிறது" என்றாள் அவள்.

"நல்லது. அடியிலிருந்து கனத்த இடியோசை வந்தால், சுழல்தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது வண்டியை உடனே நிறுத்த வேண்டும். மேலும் ஓட்டினால் இயந்திரமே சிதையும். இது வால்வின் ஒலி" என்றார் அவர்.

இயந்திரத்தின் தண்டு இருமுறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடும். தண்டு நிமிடத்துக்கு 600 முறை சுழலின், ஒரு வால்வு 300 முறை, அஃதாவது நொடிக்கு 5 முறை திறக்கும். வால்வுத் தண்டின் நுனிக்கும் அதனை அழுத்தும் நெம்புகோலுக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டு. அது மிகுந்தால் நெம்புகோல் வால்வைத் தட்டும். 'டிக், டிக்' என்னும் ஒலி பிறக்கும்.

இயந்திரம் நன்கு குளிர்ந்தபின் மூடியைக் கழற்றினர். இவ்வியந்திரத்தில் வால்வுகள் எட்டு. அவற்றைச் சரிசெய்ய ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு வால்வு முழுதும் திறந்திருக்கையில், அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வருகின்ற வால்வையே அளக்க வேண்டும். எட்டாவது திறந்திருந்தால் முதலாவதையும், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதையும் அளத்தல் முறை. முதியவர் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியால் இயந்திரத்தைச் சுழற்ற, பேர்த்தி 0.30 மில்லிமீட்டர் தடிப்புள்ள அளவுத்தகட்டை ஒவ்வோர் இடைவெளியிலும் செருகிப் பார்த்தாள். மூன்றாம் வால்வில் அது தளர்ந்து ஆடியது. ஒலியின் பிறப்பிடம் தெரிந்துவிட்டது!

அவ்வேளை அங்கு வந்த அயல்வீட்டு இளைஞர், "ஐயா, எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிடுங்கள், ஒலியே எழாது" என்றார்.

"ஒலி எழாது, தம்பி, ஆனால் வால்வு எரிந்துவிடும்" என்று முதியவர் விளக்கினார். சூட்டினால் உலோகம் விரியும். விரிவதற்கு இடமில்லையேல் வால்வு தன் இருக்கையில் முற்றும் படியாது. படிந்தாலன்றி வால்வின் சூடு இருக்கை வழியே வெளியேறாது. எரிவாயுவும் இடுக்கின் வழியே கசிந்து அதன் விளிம்பை அரித்துவிடும்.

பேர்த்தி எஞ்சியவற்றையும் அளந்தாள். ஐந்தாம் வால்வில் தகடு சிறிதும் நுழையவில்லை. அதிலிருந்து ஒலி எதுவும் எழுந்ததில்லை. எனினும் அதுவே பெருங்கேட்டுக்கு அண்மையில் இருந்தது. எரிந்த வாயு வெளியேறும் வழியில் அமைந்து, மிகுந்த சூட்டைத் தாங்கும் வால்வும் அதுவேயாகும். முறையிட்ட மூன்றாம் வால்வு, முறையிடாத ஐந்தாம் வால்வைக் காட்டிக்கொடுத்தது.

பூட்டுமரையைத் தளர்த்தி, திருப்புளியால் திருகைத் திருப்பி, தகடு மெல்லிய பிடிப்புடன் நகருமாறு அவள் இரண்டையும் அமைத்தாள். மரையை இறுக்கிய பின் மீண்டும் அளந்து பார்த்தாள். மூடியையும் பிளக்குகளையும் பூட்டி இயந்திரத்தை இயக்கியபோது, கூரிய ஒலி மறைந்து, சீரான மெல்லொலி மட்டுமே நிலைத்தது. அம்மெல்லொலி குறையன்று, வேண்டிய இடைவெளி இருப்பதற்கு அடையாளமாகும்.

ஒலியை அடக்குதல் வேறு. குறையைக் களைதல் வேறு. ஓசையுள்ள இடத்தை மட்டும் நோக்குவோர் பாதியையே காண்பர். அமைதியாக இருப்பதையும் அளந்து பார்ப்போரே முழுமையும் காண்பர். வீட்டிலும் வகுப்பிலும், முறையிடுவோர் குறையைக் கேட்பதோடு நில்லாது, வாய் திறவாதிருப்போர் நிலையையும் நாடி அறிதல் நம் கடனாகும்.