திருப்பூரில் ஒரு ‘நல்ல பார்ட்டி’!

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நாலு வீதி சுத்தினா, மனுஷங்களைவிட அதிகமா கண்ணுல படுறது போர்டுங்கதான். நிட்டிங், காம்பேக்டிங், எம்பிராய்டரி, பிரின்ட்டிங், லேபிள், எலாஸ்டிக், ஜிப், பாலிபேக், அட்டைப்பெட்டி... ஒரு டி-ஷர்ட்டைப் பிரிச்சுப் போட்டா எத்தனை அயிட்டம் வருமோ, அத்தனைக்கும் தனித்தனியா ஒரு ‘கம்பெனி’. (கம்பெனின்னதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை பண்ணாதீங்க. நாலு மெஷின் ஓடுற ஷெட்டுக்கும் இங்கே அதே பேருதான்!)

பனியன் வாங்க இந்த ஊருக்கு வர்றவங்க உண்டு. பொழைப்புத் தேடி பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் வர்றவங்க உண்டு. நாம வந்திருக்கிறது மூணாவது காரணத்துக்கு. மெயில் அனுப்ப ஆள் பிடிக்க!

விஷயம் இதான். நீங்க விஸ்காம், உங்க ஃப்ரெண்ட் கம்ப்யூட்டர் சயின்ஸ். ரெண்டு பேரும் சேர்ந்து கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் புராடக்ட் போட்டோவும் பண்ணிக் கொடுத்து, செமஸ்டர் ஃபீஸையாவது தேத்திடலாம்னு ஒரு பிளான். முன்னப் பின்ன தெரியாத ஆளுக்கு ‘நாங்க இதெல்லாம் பண்ணுவோம், உங்களுக்கு வேணுமா?’ன்னு மெயில் தட்டணும். இதுக்கு ‘கோல்டு மெயில்’னு பேரு. சரி, யாருக்குத் தட்டுறது?

நெட்ல தேடினா ‘திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்ஸ் லிஸ்ட்’னு ஆயிரக்கணக்குல முகவரி அடைச்ச எக்ஸெல் ஷீட்டை விலைக்கே விப்பாங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் அதே லிஸ்ட்டை வாங்கி, அதே ஆளுங்க கழுத்தை அறுத்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அதுவும் இந்த ஊர் லிஸ்ட்டுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. 2011 ஜனவரியில, நொய்யல் ஆறு நாசமானதுக்காக சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அத்தனை பட்டறையும் ஒரே நேரத்துல நின்னுச்சு. சிலது கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு வசதியோட திரும்ப வந்துச்சு, சிலது வரவே இல்லை. அப்புறம் நோட்டு செல்லாது, ஜி.எஸ்.டி., கொரோனா... ஒவ்வொரு அடியிலயும் சில ஷட்டர் இறங்கினது இறங்கினதுதான். செத்துப்போன முகவரிக்கு மெயில் போட்டா திரும்பி வரும். நிறையத் திரும்பினா உங்க மெயில் ஐடி மேலயே சந்தேகம் விழும். இலவச ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல அனுப்ப முடியாது. அந்த 500-ஐயும் குப்பை லிஸ்ட்டுக்கு அனுப்பிட்டு உட்கார்ந்தா, நாளைக்கு நீங்க ஒழுங்கா எழுதுற ஒரு மெயிலும் நேரா ஸ்பேமுக்குப் போய்ப் படுத்துக்கும்.

அதனால ஒரு நோட்டு, ஒரு பேனா, சார்ஜ் போட்ட செல்போன், தேயாத செருப்பு. நடங்க!

முதல் ஸ்டாப் காதர்பேட்டை. ஸ்டேஷன்லயிருந்து நடக்கிற தூரம்தான். டி-ஷர்ட், லெகிங்ஸ், குழந்தைங்க டிரெஸ்னு வாசல் வரைக்கும் கொட்டிக் கிடக்கும். டஜன் கணக்குல வாங்க கேரளாவுல இருந்தும் வடக்கே இருந்தும் வியாபாரிங்க வருவாங்க. எக்ஸ்போர்ட்டுல மிஞ்சினது, சின்ன டேமேஜ்னு ஒதுக்கினது எல்லாம் இங்கே ‘செகண்ட்ஸ்’ங்கிற பேர்ல புது வாழ்வு எடுக்கும். பார்த்ததும் வாயில எச்சில் ஊறும். எவ்வளவு கடை! எல்லாரும் ஆன்லைன்ல வித்தா...

அவசரப்படாதீங்க. விசிட்டிங் கார்டு கேட்டு வாங்கிப் பாருங்க. முன்பக்கம் சாமி படம், கீழே ரெண்டு மூணு செல் நம்பர். மெயில் ஐடியைத் தேடணும். இருந்தாலும், பேங்க்குல கேட்டாங்கன்னு யாரோ ஓப்பன் பண்ணிக் கொடுத்தது, பாஸ்வேர்டு மறந்து வருஷமாகியிருக்கும். இவங்க வியாபாரம் மொத்தமும் வாட்ஸ்அப்ல ஓடுது. காலையில புது மாடலை போட்டோ எடுத்து குரூப்ல போட்டா மத்தியானத்துக்குள்ள ஆர்டர். இவங்களுக்கு மெயில் அனுப்புறது பூட்டின வீட்டுக்கு லெட்டர் போடுற மாதிரி. வேலை இருக்கான்னு கேட்டா இருக்கலாம். ஆனா, நேர்ல போய் நின்னு, கூட்டமில்லாத நேரமாப் பார்த்துப் பேசணும். நோட்டுல தனிப் பக்கத்துல எழுதிக்கங்க, மெயில் லிஸ்ட்டுல சேர்க்காதீங்க.

அங்கேயிருந்து ராயபுரம் பக்கம் சந்துக்குள்ள நுழைஞ்சா ஊரோட சத்தமே மாறிடும். கடகடகடன்னு தையல் மெஷின். ‘பவர் டேபிள்’னு சொல்வாங்க. வெட்டின துணியை வாங்கி, தைச்சு மட்டும் கொடுக்கிற யூனிட். பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. ஓவர்லாக், ஃபிளாட்லாக்னு வரிசையா மெஷின், மூலையில நூல் பிசிறு வெட்டிக்கிட்டு ரெண்டு அக்கா.

அப்படி ஒரு யூனிட் ஓனர்கிட்ட வெப்சைட் பத்திப் பேச்சுக் கொடுத்தேன். சிரிச்சுக்கிட்டே சொன்னார்: “நமக்கு எதுக்குங் தம்பி அதெல்லாம்? எனக்கு ஆர்டர் கொடுக்கறவரு அடுத்த வீதியில இருக்காருங். பீஸ் லேட்டானா நேரா வந்து திட்டிப்போட்டுப் போறாரு. வெப்சைட்டு வெச்சா திட்டறத நிறுத்திருவாரா?”

மார்க்கெட்டிங் புக்ல பத்துப் பக்கம் எழுதுறதை மனுஷன் நாலு வரியில முடிச்சுட்டார்! ஒரு கம்பெனிக்கு நம்ம சரக்கு தேவையான்னு தெரிய கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘உங்க கஸ்டமர் எங்கே இருக்கார்?’ அடுத்த வீதின்னா நமக்கு அங்கே வேலை இல்லை. அடுத்த மாநிலம்னா யோசிக்கலாம். அடுத்த கண்டம்னா உட்கார்ந்து பேசலாம்.

சந்துல நடக்கும்போது இன்னொண்ணும் செய்யுங்க. போர்டுல ஜி.எஸ்.டி. நம்பரைப் பாருங்க. பதிவு பண்ணின நிறுவனம் வாசல் போர்டுல அதை எழுதி வைக்கணும்ங்கிறது விதி. மொத்தம் 15 இலக்கம். 33-ல ஆரம்பிச்சா தமிழ்நாடு. அடுத்த பத்தும் அவங்க பான் நம்பர். இப்போ ஆறாவது எழுத்துக்கு வாங்க. அங்கே ‘பி’ இருந்தா தனி ஆள், அவரே ராஜா அவரே மந்திரி. ‘எஃப்’னா பார்ட்னர்ஷிப், அண்ணன் தம்பியோ மாமன் மச்சானோ இருக்கலாம், ஒருத்தர் ஓகே சொன்னாலும் இன்னொருத்தர் தலையாட்டணும். ‘சி’ன்னா கம்பெனி சட்டப்படி பதிவான நிறுவனம், உள்ளே தனியா ஆபீஸ், அக்கவுன்ட்ஸ்னு இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நம்பரை ஜி.எஸ்.டி. தளத்துல தட்டினா என்னைக்குப் பதிவாச்சு, இன்னும் உயிரோட இருக்கா, கேன்சலாச்சான்னு லாகின்கூட இல்லாமக் காட்டிடும். ரெண்டாயிரம் ரூபாய் எக்ஸெல் ஷீட் சொல்லாத ரகசியத்தை ஒரு தகர போர்டு சும்மா சொல்லுது பாருங்க!

போர்டுல வெப்சைட் முகவரி இருந்தா அங்கேயே நின்னு செல்லுல தட்டிப் பாருங்க. நல்லாத் திறந்து, போன மாசத்துப் படம் இருந்தா வாழ்த்திட்டு நகருங்க. திறக்கவே இல்லைன்னாலோ, திறந்து ‘2014 நியூ கலெக்‌ஷன்’னு காட்டினாலோ, நோட்டுல ஸ்டார் போடுங்க. ஒரு காலத்துல காசு கொடுத்து வெப்சைட் வெச்சவருக்கு, அது எதுக்குன்னு நீங்க புதுசா விளக்க வேண்டியதில்லை. அதுலயும் வாசல்ல ‘டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை’ன்னு தமிழ்லயும் இந்தியிலயும் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தா டபுள் ஸ்டார். ஆர்டர் இருக்கிறவர்தானே ஆள் தேடுவார்?

அடுத்து டவுன் பஸ் பிடிச்சு அவிநாசி ரோடு. இங்கே காம்பவுண்ட் சுவர் உயரும், செக்யூரிட்டி முளைப்பார், உள்ளே விட மாட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனிகள். திருமுருகன்பூண்டியில நிட்ஃபேர் வளாகம் இருக்கு. கண்காட்சி நடக்கிற நாள்ல போனா, சுவருக்குப் பின்னாடி இருக்கிறவங்களே ஸ்டால் போட்டு உட்கார்ந்திருப்பாங்க. போக முடியலைன்னாலும் பரவாயில்லை. ஆர்கானிக் துணிக்குக் கொடுக்கிற ஜி.ஓ.டி.எஸ். மாதிரியான சான்றிதழ் அமைப்புகள், சான்றிதழ் வாங்கின கம்பெனிகள் பட்டியலை அவங்க தளத்துலயே போட்டிருக்காங்க. அங்கே பேர் இருந்தா, வெளிநாட்டு பையருக்காகக் காசும் பேப்பரும் செலவு பண்ணத் தயங்காத கம்பெனின்னு அர்த்தம்.

இங்கே ஒரு சூட்சுமம். நீங்க அனுப்புற மெயிலை முதலாளி பார்ப்பார்னு கனவு காணாதீங்க. பெரிய கம்பெனியில பையரோட மெயில்ல மல்லுக்கட்டுறது ‘மெர்ச்சண்டைசர்’. லேப் டிப், சாம்பிள், ஷிப்மென்ட் தேதின்னு அவர் இன்பாக்ஸ் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதுல போய் ‘அன்புடையீர், நாங்கள் ஒரு முன்னணி டிஜிட்டல் நிறுவனம்’னு ஆரம்பிச்சா... டெலீட். (முன்னணியாம்! ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு.) அவருக்கு உதவுற மாதிரி ஒரே ஒரு விஷயம் எழுதுங்க. ‘உங்க தளத்துல குழந்தைகள் பிரிவைத் தொட்டா பக்கம் திறக்கலை, செல்போன்ல பார்த்தா படம் கோணலா இருக்கு. ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கோம். சரிபண்ண நாலு நாள் ஆகும். இதை யார்கிட்ட பேசணும்?’ அவ்ளோதான். கடைசிக் கேள்விதான் முக்கியம். வாங்குறீங்களான்னு கேட்டா பதில் வராது. யார்கிட்ட பேசணும்னு கேட்டா ஒரு பேராவது வரும்.

எந்த நாட்டுக்கு அனுப்புறாங்கன்னும் விசாரிச்சு வெச்சுக்கங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவிகிதமா ஏத்தினப்போ, அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்தவங்க தூக்கம் தொலைச்சாங்க. அந்த வாரம் அவங்களுக்குப் போட்டோஷூட் பத்தி மெயில் போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்? அதே சமயம், வேற நாட்டுல புது பையர் தேட வேண்டிய கட்டாயமும் அவங்களுக்குத்தான் வந்துச்சு. நிலவரம் தெரிஞ்சு, கொஞ்சம் பொறுத்து எழுதினவனுக்கு அங்கே கதவு திறக்கலாம். அப்புறம் கிழமை. இங்கே பல கம்பெனிகள்ல சனிக்கிழமை சம்பள நாள். அன்னிக்கு ஆபீஸ் மொத்தமும் கணக்குல மூழ்கிக் கிடக்கும். ஞாயிறு லீவு. செவ்வாய், புதன் காலையில அனுப்புங்க. தீபாவளிக்கு முந்தின போனஸ் வாரத்துல தலைவெச்சும் படுக்காதீங்க.

இவ்வளவு சலிச்ச பிறகும் ஒரு சல்லடை பாக்கி. பணம் கொடுப்பாங்களா? அதை எந்த வெப்சைட்டும் சொல்லாது. ஆனா எம்பிராய்டரி கடைக்காரருக்கும் லேபிள் போடுறவருக்கும் தெரியும். இந்த ஊர்ல கஸ்டமருக்குப் பேரு ‘பார்ட்டி’. டீ குடிச்சுக்கிட்டே, “ஏனுங்ணா, அந்தக் கம்பெனி பார்ட்டி எப்படிங்?”னு கேட்டுப் பாருங்க. “நல்ல பார்ட்டிங்”னு உடனே வந்தா சரி. “ம்ம்... கொடுப்பாங்க”ன்னு இழுத்தா புரிஞ்சுக்கணும். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள்ல பில்லை செட்டில் பண்ணணும்னு 2006-ம் வருஷச் சட்டம் சொல்லுது. மூணு மாசமா பில்லுக்கு நடக்கிற ஜாப் ஒர்க்காரரைக் கேட்டா வேற கதை வரும். அவருக்காவது அடுத்த ஆர்டர்ல பிடிச்சுக்க வழி இருக்கு. ஃபீஸ் கட்ட கடைசித் தேதி நெருங்குற ஸ்டூடண்ட்டுக்கு? அதனால இழுவை பார்ட்டின்னு காதுல விழுந்தா, போர்டு எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் பேரை அடிச்சிடுங்க. மத்தவங்ககிட்டயும் பாதி அட்வான்ஸ் கேளுங்க. தப்பே இல்லை.

காலையில நாற்பது பேர் எழுதின நோட்டுல சாயங்காலம் ஏழோ எட்டோ மிஞ்சும். கவலைப்படாதீங்க. ஏழு பேருன்னா, ஒவ்வொருத்தர் தளத்தையும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத முடியும். பதில் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. ‘வேண்டாம்’னு வந்தா நன்றி சொல்லிட்டு விட்டுடுங்க. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரங்களா இருக்கிற ஊர் இது. ‘தொல்லை பார்ட்டி’ன்னு உங்களுக்கும் பேர் வெச்சிடுவாங்க!

பூண்டியில இருந்து திரும்பும்போது பஸ் அனுப்பர்பாளையத்தைத் தாண்டும். பாதிப் பேர் தூங்கிட்டு வருவாங்க. நீங்க இறங்கிடுங்க. பனியனுக்கு முன்னாடி இருந்தே பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன இடம். டங்... டங்...னு தட்டுற சத்தம் சந்துக்குள்ள இருந்து கேட்கும். குத்துவிளக்கும் குடமும் அடுக்கிவெச்ச கடை வாசல்ல நின்னு, போர்டுல வெப்சைட் முகவரி இருக்கான்னு நிமிர்ந்து பாருங்க.