கால் மைலுக்காகக் கட்டப்படும் வண்டி

டிராக் பந்தயம் என்பது, நின்ற நிலையிலிருந்து புறப்படும் இரண்டு கார்கள் அருகருகே நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி தூரத்தைக் கடக்கும் போட்டியாகும். தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் நடந்துவந்த வேகச் சோதனைகளிலிருந்து கிளைத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமான ஓடுதளங்களில் வேரூன்றிய இவ்விளையாட்டு, 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவிய பிறகே நாடு முழுமைக்குமான விதிகளையும் வகுப்புகளையும் பெற்றது. அவ்வகுப்புகளுள் ஒன்று, சாலையில் ஓடும் காரின் உடலையும் சாதாரணப் பெட்ரோலையும் நிபந்தனையாக்கியது. அமெரிக்கர் பெட்ரோலைக் கேசலின் என்பதால், அவ்வகுப்பின் கார்கள் கேஸர் எனப் பெயர் பெற்றன. காரின் எடையை எஞ்சினின் கொள்ளளவால் வகுத்துக் கிடைக்கும் விகிதப்படி அவை ஏ, பி, சி என மேலும் பிரிக்கப்பட்டன. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரின் ஜார்ஜ் மான்ட்கோமரி, 1933ஆம் ஆண்டின் வில்லிஸ் காரைக் கொண்டு இவ்வகுப்பில் புகழ்பெற்றார்.

அம்மாநிலத்தில் இன்றும் கேஸர்கள் கட்டப்படுகின்றன என்பதும், அவை தொழிற்சாலையில் அல்லாமல் வீட்டை ஒட்டிய இரண்டு கார் நிற்கக்கூடிய கொட்டகைகளில் உருவாகின்றன என்பதும் தற்செயலானவை அல்ல. இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த அப்பகுதியில், லேத்திலும் மில்லிங் எந்திரத்திலும் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர்கள் பலர் உள்ளனர். பந்தயத் திடல்கள் பனியால் மூடிக்கிடக்கும் குளிர்காலம் அவர்களுக்கு நீண்ட வேலைப் பருவமாக அமைகிறது. இத்தகைய கொட்டகை ஒன்றைப் பார்வையிடுபவரின் கண்ணில் முதலில் படுவது எஞ்சின் அன்று, தரையே ஆகும். சிமெண்டுத் தரை நெடுகச் சுண்ணக்கோடுகளும் குறுக்குக் குறிகளும் இடப்பட்டிருக்கும். தாங்கிகளின்மேல் மட்டம் பார்த்து நிறுத்தப்பட்ட காரின் சட்டத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் தரைக்கு இறக்கி, மூலைக்கு மூலை அளந்து சட்டம் கோணாமல் உள்ளதா என்று சரிபார்க்கும் முறை இது. எழுபது ஆண்டு ஓடித் துருப்பிடித்த சட்டம் நேராக இருக்கும் என்று எவரும் நம்புவதில்லை.

கேஸர் கட்டுவோரின் கவனம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைகிறது: புறப்படும் கணத்தில் காரின் எடையைப் பின் சக்கரங்களின்மேல் எவ்வாறு சாய்ப்பது? 1950களின் டயர்கள் குறுகியவை, கெட்டியானவை. எஞ்சின் தரும் விசையைத் தரைக்குக் கடத்த அவற்றால் இயலவில்லை. கார் முன்னோக்கிப் பாயும்போது முன் அச்சின் சுமை குறைந்து பின் அச்சின் சுமை கூடுகிறது. இவ்வாறு மாறும் எடையின் அளவு, எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் பொறுத்தது. 1955ஆம் ஆண்டின் செவர்லே காரின் அச்சிடைத் தூரம் 115 அங்குலம். அதன் எடை 3,000 பவுண்டு என்றும், எடை மையத்தின் உயரம் 23 அங்குலம் என்றும், புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையான அளவில் அது முடுக்கம் பெறுகிறது என்றும் கொண்டால், 600 பவுண்டு எடை முன்னிருந்து பின்னுக்கு மாறும். எடை மையத்தை உயர்த்தினால் இத்தொகையும் அதே விகிதத்தில் உயரும். கேஸர்களின் மூக்கு வானை நோக்கி நிமிர்ந்திருப்பதன் காரணம் இக்கணக்கே தவிர அலங்காரம் அன்று.

மூக்கை நிமிர்த்துவதற்கு, செவர்லே காரின் முன்சக்கரங்களைத் தனித்தனியே தாங்கும் மேல், கீழ் கைகளை அகற்றிவிட்டு, குறுக்காக ஓடும் ஒற்றை இரும்பு அச்சைப் பொருத்துகிறார்கள். 1960களின் ஃபோர்டு எகனோலைன் வேனின் அச்சு இதற்குப் பெரிதும் விரும்பப்படுகிறது. அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில், தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை எனப்படும் அடுக்குப் பட்டைகள் இரு பக்கமும் அமைகின்றன. வேலையின் கடினம் பொருத்துவதில் இல்லை, சாய்மானத்தில் உள்ளது. முன்சக்கரம் திரும்பும் அச்சுமுளையின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். காஸ்டர் எனப்படும் இச்சாய்வுதான், சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதைப் போல, கையை எடுத்தாலும் சக்கரத்தை நேராக ஓடச் செய்கிறது. காரின் முன்பகுதியைத் தூக்கும்போது இதன் அளவு மாறிவிடுவதால், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் துண்டுகளைச் செருகிக் கோணமானியால் அளந்து அளந்து திருத்துகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1960களின் பிற்பாதியில் அகலமான, மென்மையான பந்தய டயர்கள் பரவியபோது உயர்ந்த மூக்கின் தேவை குறைந்தது. அக்காலப் பந்தயக்காரர்களே தம் கார்களைத் தாழ்த்திவிட்டனர். இன்று கட்டப்படும் கேஸர்கள் நவீனக் கலவையில் செய்த டயர்களில் ஓடிக்கொண்டே பழைய உயரத்தைக் காப்பாற்றுவது வரலாற்றின்மீதுள்ள பற்றினால்தான், அப்பற்று மதிக்கத்தக்கது. எனினும் 1960களில் இருந்ததைவிடவும் உயரமாக, புகைப்படத்துக்காகவே தூக்கப்பட்ட கார்களும் காணப்படுகின்றன. அவை கைவினையின் தவறான வாசிப்புகள்.

எஞ்சினைப் பொறுத்தவரை கொட்டகைக்காரர் தனித்து இயங்க முடியாது. 1955இல் 265 கன அங்குலக் கொள்ளளவோடு அறிமுகமான செவர்லேயின் சிறிய வி-8 எஞ்சின், 1957இல் 283 ஆக வளர்ந்தது. அதன் உருளைகளை 3.875 அங்குல விட்டத்திலிருந்து 4 அங்குலத்துக்குக் குடைந்தால் 301 கன அங்குலம் கிடைக்கும் என்பது கேஸர் காலத்தின் பொதுவறிவு. ஆனால் உருளைச் சுவரின் கனம் எல்லா வார்ப்புகளிலும் ஒன்றுபோல் இல்லாததால், குடைவதற்கு முன் மீயொலிக் கருவியால் சுவரைச் சோதிக்க வேண்டியுள்ளது. அக்கருவியும் குடையும் எந்திரமும் ஊரின் மெஷின் ஷாப்பில்தான் இருக்கின்றன. ஒரு சுவர் மெலிந்திருப்பதைக் கண்டு மொத்த வார்ப்பையும் ஒதுக்கச் சொல்லும் அந்தப் பட்டறைக்காரரின் சொல்லுக்கு மறுபேச்சு இருப்பதில்லை. குடைந்து திரும்பிய எஞ்சினைக் கூட்டுவது மட்டும் வீட்டில் நடக்கிறது. கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் எண்ணெய் தங்குவதற்கான இடைவெளி, தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய அளவுகோலை இன்றும் பின்பற்றுகிறார்கள். இந்தக் கட்டத்தில் கொட்டகையின் கதவு மூடப்படுகிறது. கிரைண்டிங் வேலை நிறுத்தப்படுகிறது. ஒரு துகள் இரும்புத்தூள் போதும், மொத்த உழைப்பும் முதல் ஓட்டத்திலேயே வீணாகிவிடும்.

பழைய கார் கட்டுவோர் எவ்விடத்தில் பழமையைக் கைவிட வேண்டும் என்பதில்தான் அவர்களுடைய தேர்ச்சி வெளிப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் பாகங்களைப் பொறுத்தவரை அவர்கள் விடாப்பிடியானவர்கள். உரிய ஆண்டின் கார்புரேட்டரையோ மக்னீசியச் சக்கரத்தையோ தேடிப் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் இலையுதிர் காலத்தில் கூடும் உதிரிபாகச் சந்தை வரை செல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத இடங்களிலோ நிலைமை நேர்மாறானது. வார்ப்பிரும்பாலான பழைய ஃப்ளைவீல், அதாவது கிளட்ச் அழுந்தும் கனத்த சுழல் தட்டு, பந்தயச் சுழற்சியில் வெடித்துச் சிதறக்கூடியது என்பதால் எஃகுத் தட்டு இடப்படுகிறது. அதைச் சுற்றிச் சிதறல்களைத் தடுக்கும் கனமான எஃகுக் கூடு அமைகிறது. இவ்வெச்சரிக்கை இவ்விளையாட்டு இரத்தம் சிந்திக் கற்றது. 1970 மார்ச் 8 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் அருகே லயன்ஸ் திடலில், டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் முன்புற எஞ்சின் கொண்ட காரில் கியர் அமைப்பு வெடித்ததில் அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. மறு ஆண்டே அவர் ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைத்த காரோடு திரும்பிவந்து அவ்வகைக் கார்களின் வடிவத்தையே மாற்றினார்.

ஓட்டுநரைச் சுற்றி அமையும் குழாய்ச் சட்டமும் இத்தகையதே. 1950களின் பல கார்களில் அது இருந்ததே இல்லை; இருந்தவற்றிலும் தண்ணீர்க் குழாயை வளைத்து வைத்த ஒப்புக்கான வேலையே மிகுதி. இன்றைய விதிப்படி 11.49 விநாடியிலோ அதற்குக் குறைந்த நேரத்திலோ கால் மைலைக் கடக்கும் கேஸருக்குக் குழாய்ச் சட்டம் கட்டாயம். சாதாரண எஃகானால் 1¾ அங்குல விட்டமும் 0.118 அங்குலச் சுவர்க் கனமும், குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகானால் 0.083 அங்குலக் கனமும் வேண்டும். கலப்பெஃகைப் பற்றவைக்க டிக் எனப்படும் ஆர்கான் வெல்டிங் தேவைப்படுவதால், அதில் கைதேர்ந்த நண்பர் ஒருவரின் வார இறுதிகளை நம்பியே அவ்வேலை நகர்கிறது. அவருடைய காருக்கு எஞ்சின் கூட்டித் தருவது இதற்கான கூலி. பணம் கைமாறாத இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் இக்கார்களில் பல முற்றுப்பெறவே மாட்டா.

முடிந்த கார் திடலுக்குச் செல்லும்போது, ஓடுவதற்கு முன் தொழில்நுட்பச் சோதனையாளரின் முன் நிறுத்தப்படுகிறது. வண்ணப்பூச்சும் ஆண்டுக்கணக்கில் தேடிப்பெற்ற சக்கரங்களும் அவருடைய அக்கறைக்கு உரியவை அல்ல. அவர் குனிந்து இருக்கைப் பட்டையில் தைத்த துணிச்சீட்டில் உள்ள தயாரிப்புத் தேதியைப் படிக்கிறார். அத்தேதிக்குப் பின் இரண்டு ஆண்டு கடந்திருந்தால், கார் எவ்வளவு அசலானதாக இருப்பினும் அன்று ஓட முடியாது.